தோற்றதில் இருபது சதவீதம்

என் அண்ணன் எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்கி நான் பார்த்ததில்லை. காற்றாலைக் கம்பெனிகளுக்கு நிலம் பிடித்துக் கொடுப்பது அவன் தொழில். பணகுடியிலிருந்து கயத்தாறு வரை எந்த மானாவாரிக் காட்டில் எத்தனை ஏக்கர் யார் பெயரில் கிடக்கிறது, எந்தக் குடும்பத்தில் அண்ணன் தம்பிக்குப் பேச்சு இல்லை என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அப்பா விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்த்தவர். வாழ்நாளில் ஒரு முறைகூட யாரிடமும் கூடுதலாகக் கேட்டதில்லை. அவருக்கும் சேர்த்து இவன் கேட்கிறான் என்று அம்மா சொல்வாள்.

என் கல்யாணத்தையும் அவன்தான் பேசினான். மாப்பிள்ளை வீட்டார் நூறு பவுன் கேட்டார்கள். அறுபதுக்குக் கொண்டுவந்தான். சந்தோஷத்தில் நாற்பதுக்கு இழுத்தான். நாற்பதில் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். பிறகு வந்த இடங்களும் அமையவில்லை. நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்திக்கொண்டு தனியாக இருந்துவிட்டேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. என்னை எம்.எஸ்ஸி. வரை படிக்க வைத்தது அவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைவதற்குள் வாசலில் அவன் கார் நின்றது. உள்ளே வந்ததும் போனை நீட்டினான். கொழும்பிலிருந்து ஒரு சூதாட்ட விடுதிக்காரன் செய்தி அனுப்பியிருந்தான். விமான டிக்கெட், நட்சத்திர ஓட்டலில் அறை, கார், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. காற்றாலைக் கம்பெனி அதிகாரிகளோடு அண்ணன் அங்கே மூன்று முறை போயிருக்கிறான், பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம் ஆடியிருக்கிறான், இருபது லட்சத்துக்கு மேல் விட்டிருக்கிறான் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

"ஏட்டி, ஃப்ளைட்டு சும்மா தாரான். ரூமு சும்மா தாரான். எதுக்குத் தாரான்?"

"நீ தோக்கியே, அதுக்குத்தான்."

"அது தெரியும். கேக்காமலே இவ்வளவு தாரான்னா, கேட்டா எவ்வளவு தருவான்? அதத்தான் நீ கணக்குப் போட்டுச் சொல்லணும்."

நான் திட்டியிருக்க வேண்டும். மதினிக்குப் போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. என் ஐம்பது வயதில் முதன்முதலாக அண்ணன் என்னிடம் ஒன்றைக் கேட்டு வந்திருந்தான். "பாக்கேன்" என்றேன்.

மூன்று வாரம் பார்த்தேன். பிளாக்ஜாக் எளிமையான ஆட்டம். எதிரே சீட்டுப் போடும் டீலர் ஒருவர் இருப்பார். நம் சீட்டுகளின் கூட்டல் இருபத்தொன்றைத் தாண்டாமல் அவருடையதைவிட அதிகம் வந்தால் பணம் நமக்கு. நன்றாக ஆடினாலும் நூறு ரூபாய்க்கு எழுபது பைசா விடுதிக்குப் போகும். டீலர் பதினேழு வந்தால் மேலே சீட்டு எடுக்காமல் நின்றுவிட வேண்டும் என்றும், கை மோசமாக வந்தால் பாதிப் பந்தயத்தைக் கொடுத்துவிட்டு நாம் விலகிக்கொள்ளலாம் என்றும் விதியை மாற்றினால் அது நாற்பது பைசாவாகக் குறையும். பெரிய பந்தயக்காரர்கள் கேட்டால் இதையெல்லாம் மாற்றித் தருகிறார்கள். ஆனால் எவ்வளவு கேட்டாலும் அந்த நாற்பது பைசா போகாது.

அதற்கு வேறு ஒரு வழி இருந்தது. தோற்ற பணத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்பது. மண்டிக்காரர்கள் சொல்கிற மாதிரி ஒரு கழிவு. ஜெயித்தால் முழுதும் நமக்கு, தோற்றால் ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வரும் என்று வைத்துக்கொண்டால், கொஞ்ச நேர ஆட்டத்தில் தராசு நம் பக்கம் சாய்கிறது. ஏறத்தாழ ஐந்நூறு ஆட்டம் வரைக்கும் நம் பக்கம். அதற்கு மேல் உட்கார உட்கார அந்த நாற்பது பைசாக்கள் சேர்ந்து கழிவை மிஞ்சிவிடும், தராசு அவர்கள் பக்கம். இதைக் கண்டுபிடித்த அன்று நான் மத்தியானம் சாப்பிடவில்லை. அவ்வளவு உற்சாகம்.

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். லட்ச ரூபாய் பந்தயத்தில் நானூறு ஆட்டம், அதாவது நான்கு மணி நேரம், ஆடினால் சராசரியாக இருபத்தையாயிரம் ரூபாய்க்குள் லாபம். அது முன்பக்கம். ஒரு தடவைக்கும் இன்னொரு தடவைக்கும் ஏற்ற இறக்கம் இருபது, இருபத்தைந்து லட்சம் வரை போகும். அதைப் பின்பக்கத்தில் எழுதினேன். அண்ணன் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. நானும் திருப்பிக் காட்டவில்லை.

கல்லூரி விடுமுறையில் கொழும்புக்குப் போனோம். மதுரை விமான நிலையத்துக்குக் காரில் போகும்போது அவன் எனக்குப் பாடம் எடுத்தான்.

"நமக்கு வேண்டியத மொதல்ல கேக்கக் கூடாது. வேண்டாததக் கேளு. அவன் முடியாதும்பான். சரின்னு விட்டுரு. ரெண்டு தடவ முடியாதுன்னவனுக்கு மூணாந்தடவ சொல்ல வாய் வராது."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஓட்டல் கூடத்துக்குச் சூதாட்ட விடுதியின் ஆள் வந்தார். நாற்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர். சீனி இல்லாத தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி வரை அதைக் குடிக்கவில்லை. ஒரு தடவைக்கு அறுபது லட்சம் வைப்பாகக் கட்டுவதாக அண்ணன் சொன்னான். அந்தப் பணம் கடல் தாண்டி எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை.

அண்ணன் முதலில் குடும்பத்தோடு துபாய் போக டிக்கெட் கேட்டான். முடியாது. வைப்பில்லாமல் ஆட விடச் சொன்னான். அதுவும் முடியாது. "சரி, விடுங்க" என்று இரண்டையும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தான். பிறகு விதிகளுக்கு வந்தான். டீலர் பதினேழில் நிற்க வேண்டும், பாதி கொடுத்து விலகும் உரிமை வேண்டும், மெஷின் வேண்டாம், சீட்டைக் கையால் கலைக்க வேண்டும், தனி மேசை வேண்டும். அந்த ஆள் ஒவ்வொன்றுக்கும் "ஓம் ஐயா, செய்யலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில்தான் அண்ணன் கழிவைக் கேட்டான்.

"தோத்தா முப்பது சதவீதம் திருப்பித் தரணும்."

"ஐயா, பத்துத்தான் குடுக்கிறனாங்கள்."

"பத்து, சின்னக் கடைக்காரனுக்கு. நான் அறுபது லட்சம் கொண்டுட்டு வாரேன்."

"உங்களுக்காகப் பதினைஞ்சு. அதுக்கு மேல ஏலாது."

அண்ணன் எழுந்துவிட்டான். "ஏட்டி, எந்திரி. கோவாக்காரன் காலையிலேர்ந்து போன் பண்ணுதான். அங்கன போவோம்." எந்தக் கோவாக்காரனும் போன் செய்யவில்லை. நான் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"இருங்கோ ஐயா, இருங்கோ" என்றார் அவர். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து இருபது என்றார். ஆனால் ஒரு தடவை வந்தால் குறைந்தது பத்து மணி நேரம் ஆட வேண்டும்.

அண்ணன் என்னைப் பார்த்தான். அது என் முறை. "நாலு மணி நேரம். ஒவ்வொரு தடவக்கும் கணக்க அன்னைக்கே முடிச்சிரணும். ஒரு தடவ ஜெயிச்சத இன்னொரு தடவ தோத்ததுல கழிக்கக் கூடாது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் மறுபடி எழுந்து போனார். இந்த முறை இருபது நிமிடம். திரும்பி வந்து, "நாலு மணித்தியாலம். சரி" என்றார்.

வழியனுப்ப லிஃப்ட் வரைக்கும் வந்தவர் என்னிடம், "மேடம் கணக்குப் படிப்பிக்கிறீங்களோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிரித்தார். "கணக்குத் தெரிஞ்ச ஆக்கள் வந்தா எங்களுக்குப் பயமில்ல மேடம். நேரத்துக்கு எழும்பிப் போற ஆக்கள் வந்தாத்தான் பயம்."

அந்தப் பேச்சு எனக்குக் காதிலேயே ஏறவில்லை. இருபத்தாறு வருடமாகக் கரும்பலகையில் எழுதி அழித்த எண்கள், முதன்முதலாக ஒரு மனிதரை எழுந்து போய்ப் போன் பேச வைத்திருந்தன. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அன்று மத்தியானமே ஆடினான். ஜன்னல் இல்லாத அறை, பச்சைத் துணி விரித்த மேசை, டீலராக ஒரு பெண். நான் பின்னால் நாற்காலியில். எந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அட்டவணை எழுதி மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். பாதி கொடுத்து விலகுவது மட்டும் அவனுக்கு ஆகவே இல்லை. அவனுக்குப் பதினாறு, டீலரிடம் பத்து. விலக வேண்டிய இடம். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"பாதியக் குடுத்துட்டு ஒதுங்கணுமா? கடன்ல காட்ட விக்கவன்கூட அப்படிக் குடுக்கமாட்டாம்ட்டி."

"குடுண்ணே" என்றேன். கொடுத்தான். நான்கு மணி நேரம் ஆனதும் அவன் தோளில் கை வைத்தேன். உடனே எழுந்திருக்கவில்லை. மூன்றாவது முறை கொஞ்சம் அழுத்தியதும் எழுந்தான். பதினொரு லட்சம் ஜெயித்திருந்தான். மதினிக்கு ஒரு சங்கிலியும் எனக்கு ஒரு லேப்டாப்பும் வாங்கினான். அந்த லேப்டாப்பில்தான் அடுத்த பயணத்துக்கான கணக்கைப் போட்டேன்.

இரண்டாவது தடவை பதினெட்டு லட்சம் தோற்றான். மூன்று லட்சத்து அறுபதாயிரத்தை அன்று சாயங்காலமே உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மதுரையிலிருந்து திரும்பும்போது கோவில்பட்டி தாண்டியும் அந்த உறை அவன் மடியிலேயே இருந்தது.

"முப்பது வருசமா வியாபாரம் பண்ணுதேன். வாங்குனவன் எவனாவது ரூவாயத் திருப்பித் தந்திருக்கானாட்டி? இவன் தந்துட்டான் பாத்தியா."

"பதினாலு லட்சத்து நாப்பதாயிரம் போயிருக்குண்ணே."

"அது போச்சு. இது நாம பேசி வாங்குனதுல்லா."

ஜெயித்த அன்றைக்குக்கூட அவன் முகத்தில் அந்த வெளிச்சம் இல்லை. தோற்பதை அவனுக்கு வலிக்காமல் செய்துவிட்டோம் என்று அப்போதுதான் புரிந்தது. புரிந்தும் வீடு வந்து சேரும்வரை ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு பிற்பகல் வந்தான். கையில் போன். விடுதி தானாகவே புதிய நிபந்தனை அனுப்பியிருந்தது. கழிவு இருபத்தைந்து சதவீதம். பந்தயம் மூன்று லட்சம் வரை போகலாம். ஒரு தடவை வந்தால் பன்னிரண்டு மணி நேரம் ஆட வேண்டும்.

"வேண்டாம்ணே" என்றேன்.

"இருவது பெருசா, இருவத்தஞ்சு பெருசா?"

"பன்னெண்டு மணி நேரம்ணே. ஆயிரத்தி எரநூறு ஆட்டம். இருவத்தஞ்சு குடுத்தாலும் எண்ணூறு ஆட்டம் வரைக்குந்தான் நம்ம பக்கம். அதுக்கு மேல ஒவ்வொரு ஆட்டமும் அவனுக்கு. கணக்குப் போட்டுத்தான் அனுப்பியிருக்கான்."

"அப்ப எண்ணூறுல எந்திரிச்சிருதேன்."

"எந்திரிச்சா கழிவு கிடையாதுண்ணே. அதுதான் நிபந்தனை. அதுவும் போக, நீ எங்க எந்திரிக்க? நான் கை வச்சாத்தான் எந்திரிக்க. பேரத்துல மட்டும் வெடுக்குன்னு எந்திரிச்சிருத."

அவன் சிரித்தான். "அதெல்லாம் நடிப்புட்டி. அவன் கூப்புடுவான்னு தெரிஞ்சுதான் எந்திரிப்பேன். கூப்புடாதவன் முன்னால நான் ஏன் எந்திரிக்கணும்?"

நான் வரமாட்டேன் என்று சொன்னேன். விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தது. இல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டேன். கோபம். நான் போட்ட பேரத்தை அவன் ஒரு குறுஞ்செய்திக்குக் கைமாற்றிவிட்டான் என்ற கோபம். போய்ப் பட்டுத் திரும்பட்டும் என்றுகூட நினைத்தேன். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருடம் ஆறு தடவை போனான். ஒவ்வொரு முறையும் மதுரையில் இறங்கியதும் எனக்குப் போன் செய்வான். எவ்வளவு தோற்றான் என்று சொல்லமாட்டான். எவ்வளவு திரும்பி வந்தது என்று மட்டும் சொல்வான். "ஏட்டி, பத்து லட்சம் திருப்பித் தந்துட்டான்." நான் நாலால் பெருக்கிக்கொள்வேன். அடுத்த முறை பதினைந்து. அதற்கடுத்த முறை பன்னிரண்டு. வகுப்பில் நிற்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அந்தப் பெருக்கல் தானாக நடக்கும். ஒரு தடவை ஜெயித்தான். அன்றைக்கு அவன் குரலில் சுரத்தே இல்லை.

பிறகு ஒரு நாள் காலை பத்து மணிக்கு மதினி வந்தாள். வெயிலில் ஆட்டோ கிடைக்காமல் பெருமாள்புரத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை. பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். நான் எழுதிய தாள். அண்ணன் அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தான்.

"இது ஒன் கையெழுத்துதான?"

"ஆமா மதினி."

"வீட்டப் பாக்க ரெண்டு பேரு வந்தாவ. எந்த வீட்டன்னு கேட்டேன். இந்த வீட்டத்தான்னாவ. அவரு பீரோவத் தொறந்து பாத்தேன், பத்திரம் இல்ல, இதுதான் இருந்துச்சு." அட்டையை என் பக்கம் தள்ளினாள். "சீட்டாடுதாருன்னு தெரியும். ஆம்பள, எப்பமாவது ஆடுவாருன்னு விட்டுட்டேன். நீ எழுதிக் குடுத்து ஆடுதாருன்னு தெரியாதுளா."

பின்பக்கத்தில் எல்லாம் எழுதியிருக்கிறேன் மதினி என்று சொல்ல வாயெடுத்தேன். அட்டையைத் திருப்பினேன். என் எழுத்து அங்கே இருந்தது. எவ்வளவு சின்னதாக எழுதியிருக்கிறேன் என்று அப்போதுதான் பார்த்தேன்.

அவள் போனதும் கொழும்புக்கு அந்த ஆளுக்குப் போன் செய்தேன். அண்ணனை இனி உள்ளே விட வேண்டாம் என்றேன்.

"அவர் கேட்டா நாளைக்கே நிப்பாட்டுறம் மேடம். நீங்க கேட்டு எங்களால ஏலாது."

"பழைய மாதிரி நாலு மணி நேரத்துக்காவது மாத்துங்க."

"அவர்தான் அது வேண்டாமெண்டவர்."

"ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்றேன். சொல்லும்போதே அதற்கு அங்கே மதிப்பில்லை என்று தெரிந்தது. கொடுப்பதற்கோ, எழுந்து போவதாகப் பயமுறுத்துவதற்கோ என்னிடம் ஒன்றுமில்லை. அவர் மரியாதையாகவே பேசினார். தான் அண்ணனிடம் கதைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். அதன் பிறகு என் போனை எடுக்கவில்லை.

அண்ணனிடமே போனேன். "நீயே அவங்கிட்டச் சொல்லுண்ணே, உள்ள விடாதன்னு" என்று கெஞ்சினேன். காலைக்கூடப் பிடித்தேன். அவன் பதறிப்போய் என்னைத் தூக்கிவிட்டான். "ச்சீ, என்னட்டி இது. சொல்லிருதேன். சத்தியமாச் சொல்லிருதேன்" என்றான். அழுதான். அடுத்த வியாழக்கிழமை மதுரைக்குப் போய்விட்டான்.

அந்தத் தடவை கொண்டுபோனது அவன் பணம் இல்லை. களக்காட்டுப் பக்கம் நிலம் கொடுக்க ஒத்துக்கொண்ட விவசாயிகளுக்குக் கொடுக்கச் சொல்லிக் கம்பெனி தந்திருந்த முன்பணம். அதுவும் போயிற்று. போலீஸ் வரை போகாமல் தடுக்க வீட்டை அவசரமாக விற்றான். வாழ்க்கையில் முதன்முறையாக, வாங்குபவன் சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல் கையெழுத்துப் போட்டான் என்று பத்திர ஆபீசுக்குப் போயிருந்த மதினியின் தம்பி சொன்னான். கம்பெனிக்குக் கொடுத்ததுபோக மிச்சம் ஒன்றுமில்லை. மதினி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். மூத்தவள் இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தோடு நின்று ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அவள் ஃபீஸை நான் கட்டுகிறேன் என்று போனேன். "ஒங்க ரூவா வேண்டாம் அத்தை" என்றாள். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அண்ணன் இப்போது விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறான். யாரும் அவனை நம்பி நிலம் பேச அனுப்புவதில்லை. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் நான் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறேன். துணிகளை அலசிப் போட்டுவிட்டு வருவேன். பெரும்பாலும் பேச்சு இருக்காது.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"நாம ஒரு தப்புப் பண்ணிட்டோம்ட்டி."

நான் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். இத்தனை நாளும் இந்தச் சொல்லுக்காகத்தான் வந்துகொண்டிருந்தேன் என்று தோன்றியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பன்னெண்டு மணி நேரம் ஆடச் சொன்னாம்லா. அன்னைக்கு இருவத்தஞ்சுக்குத் தலையாட்டியிருக்கக் கூடாது. முப்பது கேட்டிருக்கணும். தந்திருப்பான். கணக்குப் போட்டுப் பாரு."

போடக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே தலைக்குள் எண்கள் ஓடி முடிந்துவிட்டன. முப்பது என்றால் ஆயிரத்து இருநூறு ஆட்டத்துக்கு ஏறக்குறையச் சமமாகத்தான் வருகிறது. அவன் சொன்னது சரி.

"என்னட்டி, போட்டியா?"

"இல்ல" என்றேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, காய்ந்த துணிகளை மடித்து வைத்தேன். நாலரை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இருந்தாலும் கிளம்பி வந்துவிட்டேன்.